புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: அமெரிக்க அதிபர் பதவியேற்பு நினைவுப் பொருட்கள், கேள்வி பதில்

கே: ஒபாமா படம் போட்ட வண்ண அரை டாலர், 2009-இல் வாங்கியது. இப்போது என்ன பெறும்?

ப: அரை டாலர். சாதாரண நாணயத்தின் மேல் தனியார் ஒட்டிய படம் அது.

கே: ஏலத்தில் லிங்கன் சட்டைப் பின் ஒன்று வந்திருக்கிறது. '1861 பதவியேற்பு' என்கிறார்கள். படத்தை செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) மூடியிருக்கிறது.

ப: விட்டுவிடுங்கள். செல்லுலாய்டு பின் பரவியதே 1896-இல், மெக்கின்லி–பிரையன் தேர்தலில்தான். லிங்கன் போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது. பொதுவாகவே பின்னின் விளிம்பு மடிப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நகலில் செய்த வருஷம் இருக்க வேண்டும் என்று 1973-இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. அதைச் சுரண்டியிருந்தால் சுரண்டிய தடம் தெரியும்.

கே: 'ஜனவரி 20, 1933' என்று பொறித்த ரூஸ்வெல்ட் பதக்கம்?

ப: அவர் அன்று பதவியேற்கவே இல்லை. 1933-இல் மார்ச் 4. ஜனவரி 20 என்பது 1937-இல் தொடங்கியது.

கே: வாஷிங்டன் பொத்தான் கிடைத்தது, கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

ப: ஐயோ, வேண்டவே வேண்டாம்! 1789 ஏப்ரல் 30, நியூயார்க்கில் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்ற சமயத்தில் மக்கள் கோட்டில் தைத்துக்கொண்டவை இந்தப் பித்தளை, செம்புப் பொத்தான்கள். ஒரு வகையில் நடுவில் ஜி.டபிள்யூ. என்ற எழுத்துகள், 'அதிபர் நீடூழி வாழ்க' என்ற வாசகம், சுற்றிலும் சங்கிலியாகக் கோத்த 13 வளையங்கள், வளையத்துக்கு ஒரு மாநிலத்தின் முதலெழுத்து. அந்தக் கறுப்புதான் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் விலையும் சேர்ந்து போய்விடும். முதலில் பின்பக்கம் பாருங்கள்: தைக்கும் வளையம் இல்லாமல் ஊக்கு இருந்தால் பிற்கால நகல்.

கே: 2025 பதவியேற்பு விழா டிக்கெட் இரண்டு இருக்கிறது. குளிரால் விழா நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபமான ரோட்டண்டாவுக்குள் போய்விட்டதால் நாங்கள் போகவில்லை.

ப: பத்திரமாக வையுங்கள். ஆனால் லட்சக்கணக்கில் அச்சடித்தது, அவசரப்பட்டு விற்காதீர்கள்.

கே (வேறொருவர்): உள்ளே நுழையாத டிக்கெட் நினைவுப் பொருளே அல்ல, சார்!

ப: ஒப்புக்கொள்ள மாட்டேன். 1985-லும் ரீகனின் பொது விழாவைக் குளிர் இப்படித்தான் உள்ளே தள்ளியது, அணிவகுப்பும் ரத்து. நடக்காமல் போனதற்கும் சாட்சி வேண்டுமே.

கே (அவரே): 2009-இல் ஒபாமா பதவியேற்புக்கு ஊதா நிற டிக்கெட்டோடு போய், சுரங்கப்பாதையில் மணிக்கணக்கில் நின்று, உள்ளே போகாமல் திரும்பியவன் நான். அந்த எரிச்சலில் சொல்கிறேன்.

ப: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! ஆயிரக்கணக்கானோர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். சரி, அந்த டிக்கெட் எங்கே?

கே (அவரே): அலமாரியில். லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

ப: லேமினேட்டா... போகட்டும். இனி எதையும் செய்யாதீர்கள். எத்தனை மணிக்கு எங்கே நின்றீர்கள் என்று தனித் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

கே: புளி வேண்டாம் என்றீர்கள். எலுமிச்சை?

ப: கை வைக்காதீர்கள்.