மதுரை மாசி வீதிப் பக்கம் இருக்கும் பழைய வீட்டு மாடியைச் சொகுசுக் குடியிருப்பாக மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். ஆனால் முதலில் அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்து மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை இருந்தால், அந்த வீட்டின் அழகே அதுதான். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடாதீர்கள், ப்ளீஸ். கட்டை சுவருக்குள் நுழையும் முனையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமும் கரையானும் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் அதைச் சரிசெய்யாமல் மேலே வேலை தொடங்கக் கூடாது.

அப்புறம், சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசவே வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பி உதிரும். பாத்ரூம் கீழ்வீட்டுக் குளியலறைக்கு நேர் மேலே வரட்டும்.

இன்னொரு மாடி எழுப்பும் யோசனை இருந்தால், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது.