முதல் ஷூ: விலை பாக்கணுமா, கால் பாக்கணுமா? (வாசகர் கேள்வி பதில்)

நடக்கப் பழகுற குழந்தைங்களோட ஷூ பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து இந்தத் தடவை பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 13 மாசம். சோபாவைப் புடிச்சுகிட்டே ஒரு சுத்து வந்துடறா, கையை விட்டா ரெண்டு அடி வச்சுட்டு பொத்துன்னு உக்காந்துடறா. ஷூ போட்டு விட்டாதான் கால் நேரா நிக்கும், சீக்கிரம் நடப்பான்னு மாமியார் சொல்றாங்க. கடையில பாத்தா கம்மி விலையிலயும் இருக்கு, அதைவிட பல மடங்கு விலையிலயும் இருக்கு. எங்க பட்ஜெட்டுக்கு கம்மி விலைதான் முடியும், ஆனா அதை வாங்கி குழந்தை கால் ஏதாவது ஆகிடுமோன்னு பயமா இருக்கு. எதை வாங்கட்டும்?
- ஒரு இளம் தாய்

பதில்: பயப்படாதீங்கம்மா, இப்போதைக்கு எதுவுமே வாங்க வேண்டாம். வீட்டுக்குள்ள வெறுங்காலோட விடுங்க, அதைவிட நல்லது ஒண்ணும் இல்ல. ஷூ போட்டா சீக்கிரம் நடப்பாங்கங்கறது உங்க மாமியார் அக்கறையில சொல்றதுதான், தப்பா எடுத்துக்காதீங்க, முன்னாடி எல்லாரும் அப்படித்தான் நம்பினாங்க. ஆனா நடக்க சொல்லிக் குடுக்கிறது ஷூ இல்ல, தரைதான். உள்ளங்கால் தரையில படும்போதுதான் வழுக்குதா, மேடா இருக்கா, எந்தப் பக்கம் சாயறோம்னு குழந்தைக்குத் தெரியுது, உடனே விரலை ஊனி பேலன்ஸ் பண்ணிக்குது. அவ கையை விட்டுட்டு நிக்கும்போது குனிஞ்சு அந்த அஞ்சு விரலையும் கொஞ்ச நேரம் பாருங்க, ஒவ்வொண்ணும் தரையைப் புடிச்சுப் புடிச்சு விடும். அந்த நேரத்துல தடியான ஷூவை மாட்டிவிட்டா, கையில துணியை சுத்திகிட்டு ஊசியில நூல் கோக்கச் சொல்ற மாதிரிதான் ஆகும்.

அப்ப எப்போ வாங்கறது? அவ யார் கையும் புடிக்காம தானா நடந்து, வெளியில தெருவுல பார்க்ல இறக்கி விடற நிலைமை வந்ததும் வாங்குங்க. ஷூவோட வேலை கல்லு, முள்ளு, சூடு, அழுக்கு இதுலேர்ந்து காலைக் காப்பாத்தறது மட்டும்தான். தூக்கிகிட்டே போற வரைக்கும் ஷூ வெறும் அழகுக்குத்தான், அந்தக் காசு மிச்சம். வீட்டுத் தரை ரொம்ப ஜில்லுனு இருந்தா அடியில ரப்பர் புள்ளி வச்ச சாக்ஸ் போதும், சாதா சாக்ஸ் மட்டும் போட்டு வழவழப்பான தரையில விட்டுடாதீங்க, வழுக்கி விட்டுடும்.

இப்ப விலை விஷயத்துக்கு வர்றேன். கம்மி விலை ஷூவால கால் கெடாது, பொருந்தாத ஷூவாலதான் கெடும், அது எவ்ளோ விலையா இருந்தாலும் சரி. கணுக்காலுக்கு மேல வரைக்கும் ஏத்திக் கட்டற ஷூ, உள்ள உள்ளங்கால் வளைவுக்குன்னு மேடு வச்சது, விறைப்பான சோல், இதுக்கெல்லாம் சேர்த்துதான் விலையை ஏத்தறாங்க. ஆரோக்கியமான கால் இருக்கிற குழந்தைக்கு அது எதுவுமே தேவையில்ல. சாதாரண கேன்வாஸ் ஷூ தாராளமா போதும், கடையில கையில எடுத்துப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம். முன்பாதம் மடங்கற இடத்துல ரெண்டு விரலால அழுத்தி மடக்கிப் பாருங்க, சிரமமில்லாம மடங்கணும். துணி பிழியற மாதிரி லேசா முறுக்கினா கொஞ்சம் திரும்பணும். கையில எடுத்தா கனமே தெரியக்கூடாது. முன்பக்கம் கூரா இல்லாம அகலமா, விரல் விரிஞ்சு இருக்கிற மாதிரி இருக்கணும், ஏன்னா குழந்தைங்க பாதம் குதிகால் பக்கம் ஒடுங்கி விரல் பக்கம் விரிஞ்சிருக்கும். அடியில வழுக்காத ரப்பர், மேல ஒட்டுற பட்டை. பட்டை இல்லாம சும்மா காலை நுழைச்சுக்கிறது வேண்டாம், அது கழண்டு விழாம இருக்கவே குழந்தை விரலை மடக்கிப் புடிச்சுகிட்டு நடக்கும்.

அப்புறம் உங்க கையை ஷூவுக்குள்ள விட்டு தடவிப் பாருங்க. விலை கம்மியான ஷூவுல மாட்டிக்கிற இடம் பெரும்பாலும் இதுதான், உள்ள தையல் துருத்திகிட்டு இருக்கும், பசை காஞ்சு கட்டியா நிக்கும், குதிகால் பக்கம் ஓரம் கூரா இருக்கும். உங்க விரலுக்கே உறுத்தினா அதை வச்சிட்டு பக்கத்துல இருக்கறதை எடுங்க. முழுக்க பிளாஸ்டிக் மாதிரி இருக்கிற மேல்பாகமும் வேண்டாம், காத்து போகாம கால் வேர்த்து ஊறிப்போகும்.

கேள்வி: ஆன்லைன்ல வாங்கலாம்னா சைஸ் நம்பர் ஒண்ணுமே புரியல. ஒரு பிராண்ட்ல 4-ங்கறான், இன்னொண்ணுல 20-ங்கறான், வயசு போட்டு விக்கிறவனும் இருக்கான். ரெண்டு தடவை திருப்பி அனுப்பியாச்சு. ஈசியா ஒரு வழி சொல்லுங்களேன்?
- ஒரு அப்பா

பதில்: நம்பரையும் வயசையும் மறந்துடுங்க தம்பி, சென்டிமீட்டரை மட்டும் நம்புங்க. ஒரே வயசுல உள்ள ரெண்டு குழந்தைக்கு பாதம் ஒரே நீளம் இருக்கணும்னு இல்ல. நம்பர் விஷயமும் அப்படித்தான், 20, 21-னு போற ஐரோப்பிய சைஸ்ல ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் முக்கால் சென்டிமீட்டர் கூட இல்ல, சுமார் 6.7 மில்லிமீட்டர்தான், 4, 5-னு போற பிரிட்டிஷ் சைஸ்ல சுமார் 8.5 மில்லிமீட்டர். ரெண்டும் வேற வேற அளவுகோல், அதுக்கு மேல ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு கொஞ்சம் முன்னபின்ன தைக்கிறாங்க.

அளவு எடுக்கிறது எப்படின்னா, சாயந்தரமா எடுங்க, நாள் பூரா நடந்து கால் லேசா உப்பியிருக்கும், அந்த அளவுதான் சரி. ஒரு பேப்பரை சுவத்தோட ஓரமா தரையில ஒட்டிடுங்க. பையனை சுவத்துல முதுகும் குதிகாலும் ஒட்டற மாதிரி நிக்க வைங்க, உக்கார வச்சு எடுக்காதீங்க, வெயிட் இறங்கும்போது பாதம் நீளும், அகலமும் ஆகும். இது ஒரு ஆள் வேலை இல்ல, ஒருத்தர் முன்னாடி நின்னு பொம்மை காட்டணும், இன்னொருத்தர் நீளமான விரலோட நுனியில பென்சிலை செங்குத்தா வச்சு கோடு போடணும், பென்சில் உள்பக்கமா சாஞ்சா அளவு குறைஞ்சிடும். விரலை மடக்கியிருந்தா மெதுவா தட்டி நீட்டி விடுங்க. நீளமான விரல் எல்லாருக்கும் கட்டைவிரலாவே இருக்காது, அதையும் கவனிங்க. ரெண்டு காலும் எடுங்க, கொஞ்சம் வித்தியாசம் இருக்கறது சகஜம், பெரிய காலைத்தான் கணக்குல எடுக்கணும்.

இப்ப ஒரு கால் 12.1, இன்னொரு கால் 12.4 செ.மீ. வந்துச்சுன்னு வைங்க. 12.4-ஓட 1 செ.மீ. சேர்த்தா 13.4, உள்நீளம் கிட்டத்தட்ட அவ்ளோ இருக்கிற ஷூ வேணும். வளரவும் நடக்கும்போது விரல் முன்னாடி போகவும் அந்த இடம். ஆனா ஆன்லைன்ல எல்லாரும் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு, சைஸ் சார்ட்ல போட்டிருக்கிற செ.மீ. பாதத்தோட நீளமா, இல்ல ஷூவோட உள்நீளமான்னு பாக்காம விட்டுடறாங்க. பாத நீளம்னு போட்டிருந்தா நீங்க மறுபடியும் 1 செ.மீ. சேர்க்கக் கூடாது, சேர்த்தா தொளதொளன்னு வந்து நிக்கும். போடலன்னா விக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

வந்ததும் இன்சோலை, அதாவது உள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற மெத்தையை வெளிய எடுங்க, பல ஷூவுல கழட்டலாம். அதைத் தரையில வச்சு அது மேல பையனை நிக்க வைங்க, குதிகால் பின்ஓரத்தோட சேர்ந்து இருக்கணும், முன்னாடி சுமார் 1 செ.மீ. இடம் தெரியணும், பக்கவாட்டுல பாதம் வெளிய வழியக்கூடாது. ஷூவை மேலேர்ந்து அமுக்கி விரல் எங்க இருக்குன்னு தேடறதை விட இது எவ்வளவோ நம்பகமானது, ஏன்னா மேல அமுக்கினதும் குழந்தை விரலை மடக்கிக்கும். அப்புறம் வீட்டுக்குள்ளயே ஒரு 10, 15 நிமிஷம் போட்டு நடக்க விட்டுட்டு கழட்டிப் பாருங்க, எங்கயாவது சிவந்து அச்சு விழுந்திருந்தா திருப்பி அனுப்பிடுங்க. டேக்கை அதுவரைக்கும் பிச்சுடாதீங்க.

கேள்வி: எப்படியும் ரெண்டு மாசத்துல சின்னதாயிடும். ரெண்டு சைஸ் பெருசா வாங்கி முன்னாடி பஞ்சு வச்சு போட்டா ஒரு வருஷம் ஓட்டலாமே?

பதில்: வேண்டவே வேண்டாம். பெரிய ஷூவுல குதிகால் ஏறி இறங்கும், முன்னாடி நீட்டிகிட்டு இருக்கிற பாகம் தட்டி முகம் குப்புற விழும், பஞ்சு வச்சா விரல் அசையவே இடம் இருக்காது. இன்னொண்ணு, ஷூ மடங்கற இடமும் பாதம் மடங்கற இடமும் ஒண்ணா இருக்கணும், ரெண்டு சைஸ் தள்ளிப் போனா அது பொருந்தவே பொருந்தாது.

ஆனா நீங்க கேக்கிற கவலை நியாயமானது. இந்த வயசுல 2, 3 மாசத்துல அரை சைஸ் கூடிடும், அதனாலதான் விலை கூடின ஷூ வாங்கறதே வீண்னு சொல்றேன். ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு ஜோடி போதும், துணிக்கு மேட்ச்சா மூணு ஜோடி வாங்கினா மூணுமே புதுசாவே சின்னதாகிப் போகும். ஆஃபர்ல வருதுன்னு அடுத்த சைஸை முன்கூட்டியே வாங்கி வைக்கிறதும் பெரும்பாலும் வேஸ்ட்தான், அந்த சைஸ் வர்ற நேரம் மழையா வெயிலான்னு தெரியாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இன்சோலை எடுத்து நிக்க வச்சுப் பாருங்க, முன்னாடி அரை செ.மீ.க்கு கீழ குறைஞ்சா மாத்திடுங்க. குழந்தை சொல்லும்னு காத்திருக்காதீங்க, பாத எலும்பு இன்னும் பாதிக்கு மேல குருத்தெலும்பாத்தான் இருக்கும், மெத்துனு அமுங்கிக் குடுக்கும், அதனால ஷூ இறுக்கிப் புடிச்சாக்கூட அழாம விளையாடிகிட்டே இருக்கும்.

கேள்வி: அக்கா பையனோட ஷூ நிறைய குடுத்திருக்காங்க. அடுத்தவங்க போட்டதைப் போடக்கூடாதுன்னு சிலர் சொல்றாங்களே?

பதில்: எல்லாத்தையும் ஒதுக்க வேண்டாம், திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தாலோ, குதிகால் பக்கம் சரிஞ்சு போயிருந்தாலோ, உள்ள இன்னொரு குழந்தையோட விரல் பள்ளம் ஆழமா பதிஞ்சிருந்தாலோ வேண்டாம், அந்தக் குழந்தை நடந்த நடைக்கு ஏத்த மாதிரி ஷூ வளைஞ்சிருக்கும். நாலஞ்சு தடவை போட்டு சின்னதாகிப் போனது தாராளமா போடலாம், குழந்தைங்க ஷூவுல பாதி அப்படித்தான் வீணாகுது. இன்சோலைத் தனியா எடுத்து சோப்புத் தண்ணியில கழுவி, ரெண்டையும் நல்லா வெயில்ல காய வச்சு போடுங்க. ஈரத்தோட மட்டும் போட்டுடாதீங்க. அளவு எடுக்கிறதும் புதுசுக்கு மாதிரியேதான், அண்ணனுக்கு அந்த வயசுல சரியா இருந்துச்சுங்கறது கணக்கு இல்ல.

கேள்வி: நடந்தா பீப்பீன்னு சத்தம் வர்ற ஷூ, லைட் எரியற ஷூ வாங்கலாமா?

பதில்: லைட் ஷூவுல சோல் வெடிச்சிருக்கான்னு அடிக்கடி பாருங்க, உள்ள இருக்கிற பட்டன் பேட்டரி வெளிய வந்து குழந்தை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்து போகலாம், ரொம்ப ஆபத்து. வெடிச்சிருந்தா அப்பவே எடுத்துடுங்க, முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சத்தம் போடற ஷூவுல சத்தம் வரவைக்கவே காலைத் தொம்முனு அடிச்சு நடப்பாங்க, எனக்கு அது பிடிக்கறதில்ல. மணி, பூ, கல்லு ஒட்டினதும் வேண்டாம், பிச்சு வாயில போட்டுக்கும்.

கேள்வி: ஷூ வாங்கற காசுல வாக்கர் வாங்கினா சீக்கிரம் நடப்பானா?

பதில்: மாட்டான். சக்கரம் வச்சு உள்ள உக்காத்தி வைக்கிற வாக்கர் நடையைத் தள்ளித்தான் போடும், படிக்கட்டுல உருண்டு தலையில அடிபடறதும் அதுலதான் அதிகம். கனடாவுல 2004-லயே அதை விக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு ஒன்றரை வயசு, நல்லா நடக்கிறா. ஆனா பாதம் தட்டையா இருக்கு, கால் ரெண்டும் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. அதுக்குன்னு ஸ்பெஷல் ஷூ போடணும்னு கடைக்காரர் சொல்றார், விலையைக் கேட்டா தலை சுத்துது. என்ன பண்ணட்டும்?

பதில்: அந்தக் காசை பத்திரமா வச்சுக்கோங்கம்மா. இந்த வயசுல எல்லாக் குழந்தைக்கும் பாதம் தட்டையாத்தான் தெரியும், உள்ளங்கால்ல ஒரு கொழுப்பு மெத்தை இருக்கு, அது வளைவை மறைச்சுடும். வளைவு மெதுவா வெளிய தெரிய 5, 6 வயசு கூட ஆகும். நுனிக்கால்ல எட்டி ஏதாவது எடுக்கும்போது உள்பக்கம் பாருங்க, அந்த நேரத்துல வளைவு தெரிஞ்சா கவலையே இல்ல. வில்லு மாதிரி வளைஞ்சிருக்கறதும் 2 வயசு வரைக்கும் சாதாரணம், அப்புறம் 3, 4 வயசுல முட்டி ரெண்டும் இடிச்சுக்கிற மாதிரி உள்பக்கமா வரும், 7 வயசு வாக்குல தானா நேராயிடும். ஷூ போட்டு இதை வேகப்படுத்தவும் முடியாது, திருத்தவும் முடியாது.

ஆனா சில விஷயத்தை டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும், கடைக்காரர்கிட்ட இல்ல. 18 மாசம் ஆகியும் தனியா நடக்கல, ஒரு கால் மட்டும் வளைஞ்சிருக்கு, நொண்டறா, காலைத் தொட்டா வலிக்குதுன்னு அழறா, பாதம் விறைப்பா மடங்காம இருக்கு, எப்பவுமே நுனிக்கால்லயே நடக்கிறா, இல்ல நல்லா நடந்துட்டு இருந்தவ திடீர்னு நடக்க மாட்டேங்கறா, இதுல எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. ஸ்பெஷல் ஷூ வேணுமா வேண்டாமான்னு அவங்க பாத்துட்டு சொல்லட்டும்.

கேள்வி: எல்லாம் பாத்து வாங்கியாச்சு, போடவே விட மாட்டேங்கறான். காலை உள்ள விட்டதும் விரலை சுருட்டிக்கிறான்.

பதில்: பட்டையை முழுசா பிரிச்சு, ஷூவோட நாக்கை (பட்டைக்கு அடியில இருக்கிற மடிப்பை) நல்லா முன்னாடி இழுத்து ஷூ வாயை அகலமா திறந்துக்கோங்க, பாதிப் பேர் இதைச் செய்யாம திணிக்கிறாங்க. அவனை மடியில முன்பக்கம் பாத்து உக்கார வச்சு, முட்டியை மடக்கி, முதல்ல விரல் பக்கத்தை உள்ள விடுங்க. சுருட்டினா உள்ள ஒரு விரல் விட்டு அடியில லேசா வருடுங்க, நீட்டிடுவான். அப்படியே எழுப்பி நிக்க வச்சா குதிகால் தானா உள்ள இறங்கும், அப்புறம் பட்டையை ஒட்டுங்க. முதல் சில நாள் வெளிய கிளம்பற நேரத்துல மட்டும் போடுங்க, ஷூ போட்டா வெளிய போறோம்னு தெரிஞ்சுட்டா அவனே எடுத்துட்டு வந்து நீட்டுவான். அப்பவும் வேண்டாம்னு அடம் புடிச்சு அழுதா, இன்சோலை எடுத்து ஒரு தடவை அளந்து பாருங்க, சின்னதா போயிருக்கும்.