பதில்: ஏற்காடு கூட்டத்தில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

வணக்கம்ங்க. காபித் தோட்டக்காரர்களிடம் ‘புவி வெப்பமயமாதல்’ என்றதும், “ஜனவரிக் குளிர்ல பல்லு தந்தியடிக்குது, வெப்பம் எங்க சாமி?” என்று சிரித்துவிட்டார்கள் என எழுதியிருந்தீங்க. நானும் மலைக்காரன்தான், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

1975இல் வாலஸ் புரோக்கர் என்ற அமெரிக்க அறிவியலாளர் தன் கட்டுரைத் தலைப்பில் பயன்படுத்திய சொல்லைத்தான் ‘புவி வெப்பமயமாதல்’ என்று தமிழாக்கிக்கொண்டோம். அது உலகச் சராசரியைச் சொல்கிறது, ஏற்காட்டு நாகலூரின் விடியற்காலையை அல்ல. ‘பருவநிலை மாற்றம்’ இன்னும் சிக்கல். கார், கூதிர் எனப் பருவம் மாறுவதுதானே இயல்பு என்பார்கள். ஐ.நா.வின் 1992 உடன்படிக்கைச் சொல்லுக்கு இணையான ‘காலநிலை மாற்றம்’ இப்போது தமிழக அரசுத் துறையின் பெயரிலேயே இருக்கிறது. மனு எழுத அது போதும். 2019இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் ‘காலநிலை நெருக்கடி’, ‘காலநிலை அவசரநிலை’ என்று எழுதத் தொடங்கியது. நம்மூரில் அவசரநிலை என்றால் பெரியவர்களுக்கு 1975தான் ஞாபகம் வரும், வேண்டாம்.

மழையிலிருந்து தொடங்குங்க. மார்ச், ஏப்ரலில் நல்ல மழை விழுந்தால் ஒன்பது பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அது தப்பி, துண்டு துண்டாகப் பெய்தால் பூவும் துண்டு துண்டு. ஒரே கிளையில் பச்சைக்காயும் பழமும் நிற்கும், பறிகூலி கூடும். “மழை சொன்ன நேரத்துக்கு வர்றதில்ல” என்று அவர்களே சொல்வார்கள். ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல்லை அதற்கப்புறம் எடுங்க.