கொச்சியில் ஒரே ஒரு நாள் இருந்தால் எதையெல்லாம் பார்க்கலாம்? நீரைத் தாண்டி இருக்கும் பழைய பகுதியான ஃபோர்ட் கொச்சியில், போய் வரும் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் தஞ்சாவூரையும் மதுரையையும் பார்த்த கண்ணோடு போகாதீர்கள்.

வேலைக்காக எர்ணாகுளத்தில் மூன்று வருடம் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவது என் தலையில்தான் விழும். ஃபோர்ட் கொச்சியை ஒட்டிய மட்டாஞ்சேரியில் இருக்கும் அரண்மனையின் வாசலில் நின்று என் சித்தப்பா, "இதுவாடா அரண்மனை? காரைக்குடியில இதைவிடப் பெரிய வீடெல்லாம் இருக்கே" என்றார். தப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த ஒரு வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். போர்ச்சுகீசியர் கட்டி கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர். உள்ளே ராமாயணச் சுவரோவியங்களுக்கு முன்னால் வந்ததும் சித்தப்பா காரைக்குடியை மறந்துவிட்டார். படமெடுக்க விடமாட்டார்கள், நல்லதுதான், நின்று பார்ப்போம்.

சரி, போகும் வழி. காரை எடுக்காதீர்கள், பாலத்து நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும். எர்ணாகுளம் படகுத்துறையில் ஃபோர்ட் கொச்சி போகும் அரசுப் படகு ஏறுங்கள், பத்து ரூபாய்கூட ஆகாது. உயர் நீதிமன்றம் பக்கத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகும் இருக்கிறது, ஏசி, சுத்தம். ஆனால் காற்று முகத்தில் அடிக்க, பக்கத்தில் கப்பல் நிற்க, போக வேண்டிய ஊர் இது. 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் யவனர்கள் மிளகு வாங்க வந்த முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு இங்கே கடலுக்கு வழி திறந்தது என்பார்கள். வழியில் தெரியும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் உருவாக்கியது.

இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சீன மீன்வலைகள். எல்லோரும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கால் மணி நேரம் நில்லுங்கள். வலையின் மறுமுனையில் கயிறுகளில் கருங்கற்கள் வெவ்வேறு நீளத்தில் தொங்கும். நாலைந்து பேர் இழுக்க வலை எழும்பும்போது கற்கள் ஒவ்வொன்றாகத் தளத்தில் வந்து உட்காரும். அவ்வளவு பெரிய மரச்சட்டம் தராசுபோல ஆடாமல் நிற்கிறது. கிடைப்பது பல நேரம் ஒரு கை மீன்தான். "வாங்க, இழுத்துப் பாருங்க" என்று கூப்பிடுவார்கள், போங்கள், ஆனால் காசு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமா 1524இல் கொச்சியில் இறந்தபோது அங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது இருப்பது கல் மட்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது மேலே வரிசையாகத் தொங்கும் துணி விசிறிகள். கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகும். அந்தக் காலத்தில் இழுக்கிற ஆள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்.

யாரும் சொல்லாத இடம் ஒன்று உண்டு: வெளி என்கிற பகுதியில் இருக்கும் டோபி கானா. டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க நம் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்கள், இன்றும் தமிழ்தான் பேசுகிறார்கள். வரிசையாகத் துவைக்கும் அறைகள், பின்னால் கொடிகள். அந்தக் கொடியில் கிளிப்பே கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், கடல் காற்று எவ்வளவு அடித்தாலும் நழுவாது. கரி இஸ்திரிப் பெட்டியோடு நின்ற ஒரு பெரியவர் நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். நான் திருநெல்வேலி என்றதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தவர், அரை மணி நேரம் விடவில்லை. அவர்கள் வேலைசெய்யும் இடம் அது, கேட்டுவிட்டுப் படமெடுங்கள்.

மதியத்துக்கு மேல் ஆட்டோவில் மட்டாஞ்சேரி. நடுவில் ஏதாவது கைவினைப் பொருள் கடை வாசலில் நிறுத்தி, "சும்மா பத்து நிமிஷம் பார்த்துட்டு வாங்க சார்" என்பார்கள், கமிஷன் விஷயம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். 1568இல் கட்டிய யூதர் ஆலயம் சின்னதுதான், அங்கே தரையைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய ஓடுகள், ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெளியே பழம்பொருள் கடைகளில் நேற்றுச் செய்த பழம்பொருளும் கிடைக்கும். அதற்குப் பதில் பஜார் ரோடு பக்கம் நடங்கள், சுக்கும் மிளகும் மூக்கைத் துளைக்கும்.

கிழமை முக்கியம். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. யூதர் ஆலயம் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் கிடையாது. இது தெரியாமல் அத்தை குடும்பத்தை ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப்போய் இரண்டு பூட்டுகளைக் காட்டிக் கூட்டிவந்தேன்.

அப்புறம், இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதையும் நான் கேட்கவில்லை.