கொழும்பில் புது நூதனசாலை வேண்டுமா? வேண்டும், ஆனால் முதலில் கரண்ட் பில்லைப் பற்றிக் கதைப்போம்

கேள்வி: கொழும்பு நகரின் நடுவில் அரசாங்கப் பணத்தில் புதிதாக ஒரு நூதனசாலைக் கட்டடம் தேவையா? கட்டினால் எப்படிக் கட்ட வேண்டும்?

தேவை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அடிக்கல் நாட்டுகிறவரிடம் ஒன்று கேட்க வேண்டும். திறந்து பத்தாவது வருடத்தில் இந்தக் கட்டடத்தின் கரண்ட் பில்லை யார் கட்டப்போகிறார்கள்? அதற்குப் பதில் கிடைத்த பிறகு வரைபடத்தை விரிக்கலாம்.

நான் கியூ.எஸ். வேலை செய்கிறேன். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கம்பி, மொத்தம் எவ்வளவு காசு என்று கணக்குப் போடுகிற வேலை. பிறந்தது ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கொழும்புக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல்.

கொழும்பு மியூசியத்தை முதன்முதலில் பார்த்தது ஆறாம் வகுப்பில், பாடசாலைச் சுற்றுலாவில். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் வந்து இறங்கினோம். கண்டி ராஜாவின் சிம்மாசனத்தை ஆசிரியர் காட்டினார். வெள்ளைக்காரர்கள் கொண்டுபோனது, 1934இல் திரும்பி வந்தது என்று சொன்னார். அப்புறம் முன்னால் நிற்கிற பெரிய ஆலமரத்துக்குக் கீழே உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவன், "சேர், இதுல எங்க ஆக்களோட சாமான் எது?" என்று கேட்டான். சேர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பஸ் ஏறச் சொன்னார்.

பதில் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கட்டடமே பதில். ஆளுநர் வில்லியம் கிரகரி ஆரம்பித்து, பொது வேலைத் திணைக்களத்தின் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர் வரைந்து, வாப்பிச்சி மரிக்கார் கட்டிக்கொடுத்து, 1877 ஜனவரி 1ஆம் தேதி திறந்தது. சம்பளமாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடி வையுங்கள் என்று மரிக்கார் கேட்டதாகச் சொல்வார்கள். இதெல்லாம் அடிக்கடி சொல்லப்படுகிற கதை. அதிகம் சொல்லப்படாதது காசின் கதை. அந்த வருடங்களில் இலங்கை அரசாங்கத்தின் கஜானாவை நிரப்பியது கோப்பி. கோப்பிக் காட்டில் வேலை செய்தது தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து வந்த எங்கள் ஆட்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அதனால்தான் "அரசாங்கப் பணம்" என்ற சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பணத்துக்கு எப்போதும் ஒரு உடம்பு இருக்கிறது. இன்றைக்கு 18 வீத வாட் கட்டிச் சவர்க்காரம் வாங்குகிற ஆளின் உடம்பு.

சரி, கரண்ட் பில்லுக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அரச கண்காட்சி மண்டபத்தின் கணக்கில் நானும் வேலை செய்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. செலவு கூடிவிட்டது என்று கடைசிக் கூட்டத்தில் குறைக்கச் சொன்னார்கள். முகப்புக் கண்ணாடியைத் தொட யாருக்கும் மனமில்லை. கூரையின் நீர்காப்புப் பூச்சின் தரம் ஒரு படி இறங்கியது. ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் அப்படியே வெட்டுப்பட்டது. வெட்டிய கோடு என் கையால் போட்டது, எக்செல் தாளில் ஒரே ஒரு வரி. நான்கு வருடம் கழித்து ஒரு ஒக்டோபர் மழையில் அங்கே போனேன். கண்ணாடி முகப்பு அழகாகத்தான் நின்றது. உள்ளே ஒரு காட்சிப் பெட்டிக்கு முன்னால் மஞ்சள் பெயின்ட் வாளி. கூரையிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஏசி நின்று ஆறு மாதம் ஆகிவிட்டதாம், ஒரு ஸ்டாண்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த பழைய புகைப்படங்கள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. ஒன்றின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அதைப் பார்த்தபோது என் வயிற்றைப் பிசைந்தது.

கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல், கடல் உப்பு வேறு. காகிதமும் ஓலைச்சுவடியும் 65 வீதம் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வெண்கலத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சைப் பொடியாக உதிரும். ஆகவே இங்கே நூதனசாலை என்பது இருபத்து நான்கு மணி நேரமும் ஈரத்தோடு போராடுகிற ஒரு இயந்திரம். முப்பது வருடக் கணக்குப் போட்டால் கட்டிய காசை நடத்துகிற காசு மிஞ்சிவிடும். இது என் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் அமைச்சர் ரிப்பன் வெட்டுவது கட்டிய காசுக்குத்தான்.

கட்டுகிற காசு எப்படியோ வந்துவிடும். நெலும் பொகுண அரங்கு சீன உதவியில் 2011இல் வந்தது. தாமரைக் கோபுரத்துக்கு சீன எக்சிம் வங்கியின் கடன். 350 மீட்டர் உயரத்துக்குக் கட்டி 2019இல் திறப்பு விழா நடத்தினார்கள், பொதுமக்கள் உள்ளே போனது 2022 செப்டெம்பரில். யாழ்ப்பாணத்தில் இந்தியா சுமார் 1 கோடியே 10 லட்சம் டொலர் நன்கொடையில் கலாசார மண்டபம் கட்டித் தந்தது. நல்ல மனத்தோடு தந்த நல்ல கட்டடம். ஆனால் முடிந்த பிறகு யார் நடத்துவது, மாதச் செலவை மாநகர சபையால் தாங்க முடியுமா என்ற பேச்சு நீண்டுகொண்டே போனது. தருகிறவர்கள் கட்டடத்தைத் தருவார்கள். முப்பது வருடக் கரண்ட் பில்லை யாரும் தருவதில்லை.

நம் நிலைமையோ உங்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சொன்ன நாடு இது. 2024இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் அரசின் முதன்மைச் செலவை, அதாவது கடன் வட்டி நீங்கலான செலவை, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் கட்டிப் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சம்பளம் எல்லாம் அதற்குள்தான். ஒரு வருடம் இறுக்கினால் முதலில் வெட்டுப்படுவது நூதனசாலையின் ஏசிதான். அதனால் நான் கேட்பது, கட்டுமானத்துக்கு ஒதுக்குகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கை அசலாகப் பூட்டி வைத்து, வட்டியில் மட்டும் பராமரிப்பு நடக்கிற ஒரு நிதியத்தைச் சட்டத்தோடு உண்டாக்குங்கள். கட்டடம் மூன்றில் ஒரு பங்கு சின்னதாகட்டும். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

இந்தப் பேச்சு வந்தால் யாராவது பில்பாவோவைச் சொல்வார்கள். 1997இல் ஃபிராங்க் கெரி வரைந்த குகன்ஹைம் நூதனசாலைக் கட்டடம் வந்ததும் அந்த ஸ்பானிய ஊரே மாறிவிட்டது என்று. உண்மைதான். ஆனால் அந்தப் பகுதியின் பாஸ்க் அரசு அதே காலத்தில் மெட்ரோ ரயில் போட்டது, ஆற்றைச் சுத்தம் செய்தது. வளைந்த டைட்டேனியத் தகட்டை மட்டும் நகலெடுத்தால், நமக்குக் கிடைப்பது துடைக்க ஆளில்லாத தகடுதான்.

கட்டட அமைப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. நான் கட்டடக் கலைஞன் இல்லை. அவர்கள் வரைந்ததற்கு விலை போட்டுப் போட்டு வந்த கருத்து இது. எல்லாப் பொருளுக்கும் ஏசி தேவையில்லை. கல்வெட்டு, மண்பாண்டம், கற்சிலை எல்லாம் நல்ல காற்றோட்டமான விறாந்தையில் சுகமாக இருக்கும். துணி, ஓலை, புகைப்படம், வெண்கலம் ஆகியவைதான் நோஞ்சான்கள். அவற்றைத் தடித்த சுவர் போட்ட சின்ன அறைகளில், கட்டடத்தின் நடுவில் வையுங்கள். சுற்றிலும் விறாந்தை ஓடட்டும். அப்போது வெயில் நேராகச் சுவரில் படாது, இயந்திரத்துக்கும் வேலை பாதியாகும். கூரை நன்றாக வெளியே நீட்டி இறங்க வேண்டும். கூரைத் தண்ணீரை வாங்குகிற பீலி வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே மறைத்து வைக்கிற பெட்டிப் பீலிதான் இந்த ஊரில் பாதிக் கட்டடங்களை அழுக வைத்தது. களஞ்சியத்தை நிலக்கீழே வைக்கவே கூடாது, மழை வெள்ளம் முதலில் தேடி வருகிற இடம் அது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1982இல் கோட்டேயில் முடித்த பாராளுமன்றத்தின் செப்புக் கூரைகளைத் தூரத்திலிருந்து பார்த்தாலே இந்த மழை தெரிந்த ஆள் கட்டியது என்று புரியும். தமிழ்நாட்டுக்குப் போனபோது கீழடி அருங்காட்சியகத்தையும் பார்த்தேன். 2023இல் திறந்தது, சுமார் 18 கோடி இந்திய ரூபாய். செட்டிநாட்டு வீட்டு முறையில் முற்றமும் தூணுமாக, உயரமில்லாமல், தனித்தனிக் கட்டடங்களாக. வயதானவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஆறிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது.

எங்கே கட்டுவது? என் விருப்பம் புறக்கோட்டை. கோட்டை ரயில் நிலையமும் பஸ் நிலையங்களும் நடந்து போகிற தூரம். ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வருகிறவன் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அங்கே புதுக் கோபுரமும் தேவையில்லை. கெய்மன் கேட் பக்கம் பழைய நகர மண்டபம் இருக்கிறதே, 1873இல் கட்டியது, அதே ஸ்மிதர் வரைந்தது. மேல்மாடியில் அந்தக் காலத்துச் சபைக் கூட்டத்தைப் பொம்மைகளாக உட்கார வைத்திருக்கிறார்கள். கீழே பழைய நீராவி ரோட் ரோலர் தூசியோடு நிற்கிறது. பக்கத்தில் வார்ப்பிரும்புத் தூண்களோடு பழைய சந்தைக் கொட்டகை. வெளியே நாட்டாமைகள் என்று சொல்கிற சுமைதூக்கிகள் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், உள்ளே ஆள் நடமாட்டமே இருக்காது. கொஞ்சம் தள்ளி பிரின்ஸ் தெருவில் ஒல்லாந்தர் கால வீடொன்று தபால் கந்தோராக இருந்து 1982இல் நூதனசாலையானது. முற்றமும் கிணறும் மரமுமாக, வியாபாரச் சத்தத்துக்கு நடுவில் குளிர்ச்சியாக இருக்கும். செய்ய முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையாக 2007இல் ஆக்கியிருக்கிறார்கள். நவீனக் கலைக்கான நூதனசாலையும் 2019இல் சொந்தக் கட்டடம் இல்லாமலே தொடங்கி, பிறகு கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் வந்து, மூன்று மொழியிலும் நடத்துகிறார்கள்.

கறுவாத்தோட்டத்தில் இருக்கிற அந்தப் பழைய கொழும்பு மியூசியத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு கல். சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதியோடு. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது, மூன்றும் ஏறக்குறைய சரிசமமாக. 1911இல் கண்டெடுத்தபோது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. போன வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து தேடித் தேடி ஓர் எழுத்தைக் கண்டுபிடித்து, "அப்பா, இது 'ன' தானே?" என்றாள். எனக்கும் நிச்சயமில்லை. இரண்டு பேரும் கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். அந்தக் கல்லுக்கு ஏசி வேண்டாம், நல்ல வெளிச்சமும் உட்கார ஒரு பெஞ்சும் போதும்.

ஒரு வேண்டுகோள், வரைகிறவர்களுக்கு. தூரத்துப் பாடசாலைப் பஸ்கள் நாலைந்து நிற்க இடம் விடுங்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சோற்றுப் பார்சல் பிரிக்க ஒரு நீண்ட விறாந்தை போடுங்கள், ஓரத்தில் கை கழுவ ஏழெட்டுக் குழாய்கள், ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த பெண்பிள்ளைகளுக்குப் போதுமான கழிப்பறைகள். இதுவரை என் மேசைக்கு விலை போட வந்த பொதுக் கட்டட வரைபடங்களில் முகப்புக் கண்ணாடியின் சதுர அடி இருந்திருக்கிறது, வி.ஐ.பி. வாசல் இருந்திருக்கிறது. அந்த விறாந்தை ஒன்றில்கூட இருந்ததில்லை.