அலுவலகப் பணிக்கெனத் தனி ஏஐ உதவியாளரை உருவாக்க நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டுமா?

பெரும்பாலான பணிகளுக்குத் தேவையில்லை. 2023 நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், அதைத் தேவைக்கேற்ப வடிவமைத்துக்கொள்ளும் 'ஜிபிடிகள்' என்ற வசதியை அறிவித்ததிலிருந்து, சாதாரண மொழியில் அறிவுறுத்தல் எழுதி, சில கோப்புகளை இணைத்தாலே ஓர் உதவியாளரை உருவாக்கிவிட முடிகிறது. கூகுளின் ஜெமினி உதவியாளரில் உள்ள 'ஜெம்கள்' என்பவையும் ஏறக்குறைய இதே வழியில் இயங்குபவையே.

ஆனால் இதனால், பதில்களை எழுதித் தரும் மென்பொருளான அடிப்படை மொழி மாதிரி புதிதாகப் பயிற்சி பெற்றுவிடுவதில்லை. உங்கள் அறிவுறுத்தல் ஒவ்வோர் உரையாடலின் தொடக்கத்திலும் அதற்கு வழங்கப்படுகிறது. பெரிய கோப்புகளோ பொதுவாகச் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, கேள்விக்குப் பொருத்தமானவை மட்டும் தேடி எடுத்துத் தரப்படுகின்றன. ஆகவேதான், "இவ்விதிகளில் மொத்தம் எத்தனை விலக்குகள் உள்ளன?" என்பது போல ஆவணம் முழுவதையும் படித்தால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்விகளில் இந்த உதவியாளர்கள் தடுமாறுகின்றன.

உழைப்பை அறிவுறுத்தலில்தான் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. "விடுப்பு விதிகள் குறித்து உதவு" என்று நிறுத்திவிடாமல், யார் கேட்பார்கள், எந்த ஆவணத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ள வேண்டும், விடை அதில் இல்லாவிட்டால் ஊகிக்காமல் யாரை அணுகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் வரையறுத்து, இரண்டு மூன்று எடுத்துக்காட்டு வினா விடைகளையும் சேர்ப்பது பதில்களின் தரத்தை வெகுவாக உயர்த்தும். (உதவியாளரின் பெயருக்கும் படத்துக்கும் செலவிடும் நேரம் வீண்.)

பகிர்வதற்கு முன், விடை தெரிந்த பழைய கேள்விகளைக் கேட்டுச் சோதியுங்கள். இணைத்த கோப்பின் உள்ளடக்கத்தைப் பயனர் சாமர்த்தியமாகக் கேட்டு வெளிக்கொணர முடியும் என்பதால், சம்பளப் பட்டியல் போன்றவற்றைப் பதிவேற்றாதீர்கள். விதிகள் மாறும்போது பழைய கோப்பை நீக்கிப் புதியதை இணைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.