குப்பம்மாள்னு பேரு வச்சது யாரை ஏமாத்த?

கேள்வி: என் பேரு குப்பம்மாள், வயசு 54. ஸ்கூல்ல "குப்பை வண்டி"ன்னு கூப்பிடுவாங்க, அதெல்லாம் பழகிப்போச்சு. இப்ப பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகைல என் பேரை கவிதான்னு போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, மாப்ள வீட்ல சிரிப்பாங்களாம். எனக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான். ஆனா இதைக் கேட்டதும் எங்கம்மா எதுவும் பேசாம எழுந்து உள்ள போயிட்டாங்க, ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கலன்னு சொல்வாங்க. மாத்தலாமா?
- குப்பம்மாள், திண்டுக்கல்

பதில்: "ரெண்டும் தங்கல"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, உங்க பேருக்கு அர்த்தம் அங்கதாங்க இருக்கு. பொறக்கற பிள்ளைங்க தக்காம போச்சுன்னா அடுத்த குழந்தையக் கொண்டுபோய் குப்பைமேட்டுல ஒரு நிமிஷம் போட்டுட்டு வேற யாராவது எடுத்துட்டு வர்ற மாதிரி எடுத்துட்டு வருவாங்க, அப்புறம் அதுக்கு குப்பன், குப்பம்மாள், குப்புசாமின்னு பேரு. சில ஊர்ல பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட குடுத்துட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவாங்க. ஆம்பளப் பிள்ளைக்கு மூக்கு குத்தி மூக்கன்னு பேரு வைக்கறதும் இதே கணக்குதான். இது ஒண்ணுத்துக்கும் உதவாத பொருளு, யாரோ வீசிப்போட்டதுன்னு எமன் நெனச்சுக்கிட்டு வாசலத் தாண்டிப் போயிடணும், அவ்ளோதான் ஐடியா. எமனையே டபாய்க்கப் பாத்திருக்காங்க!

சிரிக்கத் தோணும், ஆனா நீங்க பொறந்த 1971 வாக்குல இந்தியாவுல பொறந்த ஆயிரம் குழந்தைல 129 குழந்தை ஒரு வயசு முடியறதுக்குள்ள போயிடுச்சு. ரெண்டைப் பறிகொடுத்த ஒரு பொம்பள மூணாவதக் கையில வச்சுக்கிட்டு அழகான பேரு வைக்கவே பயந்திருக்காங்க. ஆஸ்பத்திரி எட்டாத ஊர்ல அவங்க கையில இருந்த ஒரே மருந்து அந்தப் பேருதான். அதை நீங்க கவிதான்னு மாத்தினா அவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க.

அதுக்காக மாத்தவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், 54 வருஷம் கிண்டல் வாங்கினது நீங்க, அம்மா இல்ல. ஆனா மொதல்ல பொண்ணை பாட்டி பக்கத்துல உக்கார வச்சு அந்தக் கதையக் கேக்கச் சொல்லுங்க. கேட்ட பிறகும் அவ கவிதான்னே போடணும்னு சொன்னா போட்டுக்கோங்க, பத்திரிகைக்கு யாரும் ஆதார் கேக்கப் போறதில்ல. மாப்ள வீட்டைப் பத்தி கவலையே வேணாம், அங்கயும் ரெண்டு தலைமுறை பின்னாடி போனா ஒரு பிச்சையோ குப்புசாமியோ இல்லாமயா இருப்பாங்க? கூகுள் தலைவர் பேர்லயே பிச்சை இருக்கு, யாரும் சிரிக்கலயே.

கேள்வி: நாலாவது பொண்ணுன்னு எனக்கு போதும்பொண்ணுன்னு பேரு வச்சாங்க. அடுத்தது தம்பி, அவனுக்கு ராஜா. இந்தப் பேரு பழசு, மாத்தாதேன்னு வீட்ல சொல்றாங்க.
- வாசகி, 27 வயசு

பதில்: மேல குப்பம்மாளுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவங்க பேரு பிள்ளை போயிடுமோன்னு பயந்து வச்சது, உங்க பேரு பிள்ளை வந்துடுச்சேன்னு சலிச்சு வச்சது. ரெண்டையும் "அந்தக் காலத்துப் பேரு"ன்னு ஒரே மூட்டையில கட்டக் கூடாது. மகாராஷ்டிராவுல நகுசான்னு பேரு வைப்பாங்க, வேண்டாதவள்னு அர்த்தம். 2011 அக்டோபர்ல சதாரா மாவட்டத்துல அப்படிப் பேரு வச்ச 285 பொண்ணுங்களுக்கு ஒரே விழாவுல பேரு மாத்தினாங்க, பொண்ணுங்களே அவங்கவங்க பேரைத் தேர்ந்தெடுத்தாங்க, ஐஸ்வர்யான்னு சினிமா நடிகை பேரை எடுத்தவங்களும் உண்டு. நீங்களும் பிடிச்ச பேரா பாத்து வச்சுக்கோங்க. எழுதுபொருள் அச்சுத்துறையில விண்ணப்பம் குடுத்தா அரசிதழ்ல வரும், அந்த நகலை வச்சு ஆதார், பேங்க் எல்லாம் மாத்திக்கலாம். வீட்ல கேட்டா, "எனக்கும் போதும்"னு சொல்லிடுங்க.

கேள்வி: இங்கிலீஷ்ல ஒரு 'ஏ' கூட சேத்து எழுதினா என் பேரு அதிர்ஷ்டமா மாறும்னு நியூமராலஜிக்காரர் சொல்றாரே?
- ரமேஷ், கரூர்

பதில்: தமிழ்ல எழுதினா அப்பவும் அதே ரமேஷ்தான? அதிர்ஷ்டத்துக்கு தமிழ் படிக்கத் தெரியாதா என்ன! பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங்னு ஆச்சுன்னா கவுன்ட்டர் கவுன்ட்டரா அலையணும், அது மட்டும் கன்ஃபார்ம்.